கரடி சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கல்

கதையில் ஒரு கரடி சாக வேண்டியிருக்கிறது. அதை ஏழு வயதுப் பெண்ணிடம் எந்த இடத்தில் வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. சொல்லத்தான் வேண்டுமா என்பதல்லவா முதல் கேள்வி என்கிறார் என் கணவர். அவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவருக்கு எல்லாம் வரிசையாக வர வேண்டும். எனக்கு எல்லாக் கேள்வியும் ஒரே நேரத்தில்தான் வரும், அதுவும் காலையில் பால் பொங்குகிற சமயமாகப் பார்த்து.

தில்லியில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்த அடிப்படையில்தான். அதனால் எதைச் செய்தாலும் சரியாகச் செய்கிறேனா என்று இரண்டு முறை பார்ப்பேன். நிரந்தரமாக்கினாலும் அப்படித்தான் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். அதே பள்ளியில் என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மற்ற எல்லா இடத்திலும் இந்தி. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் மட்டும் அவளுக்கு வயிறு வலி வந்துவிடும்.

போன பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புக்கு ரிவிஷன் ஆரம்பித்தது. துணைப்பாட நூலில், மாணவர்களே வீட்டில் படித்துவர வேண்டிய பழைய வெளிநாட்டுச் சிறுகதைகள் ஐந்து இருந்தன; வார முடிவில் அவற்றை வகுப்பில் எடுப்பதாக ஏற்பாடு. எல்லாம் நல்ல கதைகள்தான். ஆனால் அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு யார் மேல் என்ன கோபமோ, கடைசிப் பக்கத்தில் யாரையாவது கொன்றுவிடுகிறார்கள். கொல்லாவிட்டால் பனியில் நிற்க வைத்துவிடுகிறார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கதையை வகுப்பில் எடுப்பதற்கு முன்னால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது தொடங்கியது. தமிழில் சொல்லும்போது எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறதோ, அந்த இடம் ஆங்கிலத்திலும் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். கல்லூரி விடுதியில் சுவரிடம் சொன்னேன். இப்போது நேரம் கிடைப்பது காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிற இ-ரிக்‌ஷாவில் மட்டும்தான். சுவருக்குப் பதில் என் மகள்.

ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஏறினால், மார்க்கெட் தாண்டுவதற்குள் கதையில் ஆள்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். சிக்னலில் சண்டை வரும். பள்ளிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய வேகத்தடை இருக்கிறது. ரிக்‌ஷா அதில் ஏறி இறங்கும்போது கதை முடிய வேண்டும். ஏனென்றால் அடுத்த நிமிடம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள்.

என் சிக்கல் அந்த வேகத்தடையில்தான் ஆரம்பித்தது. சோகமான முடிவைச் சொல்லி, அவள் அழ ஆரம்பித்தால், தேற்ற நேரம் எங்கே இருக்கிறது? மூக்கை உறிஞ்சிக்கொண்டே வகுப்புக்குள் போவாள். நான் அங்கே ஒன்பதாம் வகுப்பில் நின்றுகொண்டு, இங்கே இவள் என்ன செய்கிறாளோ என்று தவித்துக்கொண்டிருப்பேன்.

கரடிக் கதை இதுதான். பனி பெய்கிற ஒரு தேசம். ஒருவன் மேளம் அடித்துக் கரடியை ஆடவைத்து ஊர் ஊராகப் பிழைக்கிறான். கரடிக்கு வயதாகிவிடுகிறது, ஆட முடியவில்லை. கொல்ல மனம் வராமல் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறான். கரடிக்குக் காடு பழக்கமில்லை. மேளச் சத்தம் வந்த திசையை நினைவு வைத்துக்கொண்டு நடந்தே திரும்புகிறது. மைதானத்துக்கு வந்தால் யாரும் இல்லை, கூடாரம் பிரித்தாகிவிட்டது. தான் வட்டமாக ஆடி ஆடித் தேய்ந்த தரையில் படுத்துக்கொள்கிறது. பனி பெய்கிறது. அவ்வளவுதான்.

அன்று காலை நல்ல மூடுபனி. முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. என் மகள் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கரடி மைதானத்தை நெருங்கிவிட்டது. ரிக்‌ஷா வேகத்தடையை நெருங்கிவிட்டது.

“அப்புறம்?”

“அப்புறம்... மைதானத்துக்கு முன்னாடி ஒரு பாலம். அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ ஓடி வர்றாங்க. யாரு?”

“மேளக்காரர்!”

“ஆமா. மனசு கேக்காம திரும்பி வந்துட்டார். கரடியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். நேரா மலை மந்திருக்குக் கூட்டிட்டுப் போய்த் தொன்னையில சர்க்கரைப் பொங்கல் வாங்கிக் கொடுத்தார்.”

“பனி தேசத்துல மலை மந்திர் இருக்கா?”

“எல்லா ஊர்லயும் நம்ம மலை மந்திர் மாதிரி ஒரு முருகன் கோயில் இருக்கும்.”

ரிக்‌ஷா வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அந்த நிம்மதி போய்விட்டது. அவள் அழுதிருப்பாளா என்றே எனக்குத் தெரியாது. நானாகத்தானே முடிவு செய்துகொண்டேன்?

ஆனாலும் மறுநாளும் அதையே செய்தேன். ரயில் நிலையத்தில் தம்பிக்காக வருடக்கணக்கில் காத்திருந்த ஒரு அக்காவிடம், கடைசி ரயிலில் அவனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். குளிராயிற்றே என்று அவனுக்கு ஒரு மங்கி கேப்பும் மாட்டினேன். ஐந்து கதைகளில் ஒருவரும் சாகவில்லை. நான் ரொம்ப இளகிய மனசுக்காரி என்று நினைக்காதீர்கள். வேகத்தடை அப்படி.

அந்த வாரம் இன்னொரு விஷயமும் நடந்தது. சின்ன வகுப்புகளுக்கு மதியமே பள்ளி முடிந்துவிடும். ஆசிரியைகளின் குழந்தைகளை ஒரு அறையில் உட்கார வைத்து ஒரு ஆயா பார்த்துக்கொள்வார். ஆயா தன் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். எனவே என் மகள் மதியச் சாப்பாட்டு இடைவேளையிலிருந்து என்னோடுதான். ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் கலர் பென்சிலோடு உட்கார்ந்திருப்பாள். இடைவேளையில் பெரிய பெண்கள் அவளை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். “சோட்டி, வா, வெயில் காயலாம்” என்பார்கள், சின்னப் பெண்ணே என்கிற மாதிரி. குழந்தை சந்தோஷமாக இருக்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன்.

அவள் நாக்கு மட்டும் மாலையில் ஒரே ஆரஞ்சு நிறமாக இருந்தது. முதல் நாள் கேரட் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், அன்று கேரட்டே வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. உடனே இணையத்தில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. நாக்கின் நிறம் மாறுவதற்கு அங்கே எழுதியிருந்த காரணங்களைப் படித்த பிறகு, உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்து, மஞ்சள் போட்டுப் பால் கொடுத்து, டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பார்த்தேன்.

“என்ன தெரியுது?” என்றார் கணவர்.

“ஒண்ணும் தெரியல. அதான் பயமா இருக்கு.”

“இப்ப மஞ்சள் பால் குடிச்சதுல நாக்கு இன்னும் மஞ்சளாத்தான் ஆகும். நாளைக்கு அதையும் தேடு.”

சனிக்கிழமை டிஸ்பென்சரிக்குப் போவது என்று முடிவானது. ஆனால் அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். எங்கள் ஆங்கிலத் துறைத் தலைவி, என் வகுப்பைப் பார்வையிட வருவதாகக் காலையில்தான் சொன்னார். கண்டிப்பானவர், ஆனால் குரல் உயர்த்த மாட்டார். அதனால்தான் எல்லாருக்கும் இன்னும் கூடுதல் பயம். அவர் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில், என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மகள் நகர்ந்து இடம் கொடுத்து, பச்சைப் பென்சில் ஒன்றையும் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

கரடிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, “கடைசியில் கரடிக்கு என்ன ஆகிறது?” என்று கேட்டேன். அத்தனை கைகளும் தூக்கப்பட்டன. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் வகுப்பில் அத்தனை கைகள் தூக்கப்படுவது, விளையாட்டுப் பீரியட் வேண்டுமா என்று கேட்டால் மட்டும்தான். பின்னால் தலைவி உட்கார்ந்திருந்ததால், பெருமை வந்து அறிவை மறைத்துவிட்டது.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்து அழகான ஆங்கிலத்தில் சொன்னாள். கரடியும் மேளக்காரரும் ஒரு பாலத்தில் சந்திக்கிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், பிறகு அவர் கரடிக்கு இனிப்புக் கிச்சடி வாங்கிக் கொடுக்கிறார்.

“என்னது?” என்றேன்.

“இனிப்புக் கிச்சடி, மேம். மலைக்கோயில்ல.”

“இலைக் கிண்ணத்துல!” என்று பின்னாலிருந்து இன்னொருத்தி திருத்தம் சொன்னாள், நான் அந்த முக்கியமான விவரத்துக்குத்தான் காத்திருக்கிறேன் என்பது போல.

சர்க்கரைப் பொங்கலை இந்தியில் எப்படிச் சொல்வது என்று என் மகளிடம் யாராவது கேட்டால், மீட்டி கிச்சடி என்றுதான் சொல்வாள். அவள் அப்பாவும் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஒருவேளை இந்த ஒரு கதை மட்டும்தானோ என்று ஒரு நப்பாசை. “சரி, ரயில் நிலையத்து அக்கா கதை? யாராவது முடிவு சொல்லுங்கள்.”

ஒரு பையன் எழுந்தான். “கடைசி ரயிலில் தம்பி வந்துவிடுகிறான், மேம். மங்கி கேப் போட்டிருப்பான்.”

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். என் மகள் பெருமை தாங்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நாக்கு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. ஒரு கதைக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். இடைவேளையில் வெயிலில் உட்கார்ந்து, நான் ரிக்‌ஷாவில் தமிழில் சொன்ன கதைகளை அவள் இந்தியில் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அதை எனக்கே ஆங்கிலத்தில் திருப்பித் தருகிறார்கள். புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை. இத்தனை பேரும் இனிப்புக் கிச்சடி எழுதப்போகிறார்கள். உண்மையான முடிவை நான் இப்போது சொல்லியாக வேண்டும். ஆனால் என் மகள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஆங்கிலம் எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரியும். வாரம் முழுவதும் அம்மா சொன்னது ஒன்று, இருப்பது வேறு என்று, நாற்பது பேருக்கு நடுவில்தானா அவளுக்குத் தெரிய வேண்டும்?

ஒரு வழி தோன்றியது. “எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் திறங்கள். சத்தம் போடாமல், மனதுக்குள் படியுங்கள்.” நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி. என் மகள் மறுபடி கலர் அடிக்க ஆரம்பித்தாள். தப்பித்தேன் என்று மூச்சு விட்ட நேரத்தில், ஜன்னலோரப் பையன் இந்தியில் கத்தினான்.

“மேம்! கரடி செத்துப்போச்சு!”

மொத்த வகுப்பும் திரும்பி என் மகளைப் பார்த்தது. “ஏய் சோட்டி, எங்களை ஏமாத்திட்டியா?” என்றாள் முதல் பெஞ்சுப் பெண். “என் மிட்டாயைக் குடு!” என்றது இன்னொரு குரல்.

என் மகள் எழுந்து பெஞ்சு மேலேயே ஏறி நின்றாள். முகம் சிவந்துவிட்டது. “நான் ஏமாத்தல! எங்கம்மாதான் சொன்னாங்க!”

மொத்த வகுப்பும் இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தது. துறைத் தலைவி பச்சைப் பென்சிலைக் கீழே வைத்தார்.

என்ன சொன்னேன் என்று இப்போது யோசித்தால், அதைவிட நல்ல பதில்கள் நிறைய வருகின்றன. அன்று வந்தது இதுதான்: “புத்தகத்தில் இருப்பது எழுதியவரின் முடிவு. அதுதான் உண்மையான கதை. மற்றது... நான் வீட்டுக்காக வைத்துக்கொண்டது.”

என் மகள் என்னையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று அவளை நோக்கி இரண்டடி வைத்தேன். அவள் அழவில்லை. பிறகு வகுப்பைப் பார்த்து, நான் போர்டு பக்கம் நின்று பேசுவேனே, அதே தோரணையில் இந்தியில் சொன்னாள்:

“கேட்டுக்கோங்க. பரீட்சைக்குக் கரடி செத்துப்போகும். வீட்டுல சாகாது. சரியா?”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. துறைத் தலைவியும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, உயராத அந்தக் குரலில் கேட்டார்: “இந்தக் கதையை இதற்கு முன் புத்தகத்தில் படித்தவர்கள் யார்?” ஒரு கையும் தூக்கப்படவில்லை. “அப்படியானால் இந்த வாரம் உங்களுக்குப் பாடம் எடுத்தது யார் என்று தெரிகிறது” என்றார். அன்று பீரியட் முடியும் வரை ஐந்து கதைகளின் கடைசிப் பக்கங்களையும் அவர்களே உரக்கப் படித்தார்கள். என் மகள் எல்லாவற்றையும் கேட்டாள். ரயில் கடைசியில் வெறுமையாக வந்தபோது, “மங்கி கேப் வேஸ்ட்” என்று அவள் முணுமுணுத்ததாகத் தலைவி பிறகு சொன்னார். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. “அந்த இனிப்புக் கிச்சடியில் பச்சைக் கற்பூரம் போடுவீர்களா?” என்று மட்டும் கேட்டார். அது பாராட்டா கிண்டலா என்று வார இறுதி முழுக்க யோசித்தேன். திங்கட்கிழமை ஒரு டப்பாவில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். டப்பா காலியாகத் திரும்பி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது ரிக்‌ஷாவில் என் மகள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வேர்க்கடலையை உரித்து ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு என்று கொடுத்துக்கொண்டே வந்தாள். நான் அவள் கேட்கப்போகும் கேள்விக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். ஏன் மாற்றினாய், ஏன் என்னிடம் சொல்லவில்லை, இதுவரை சொன்ன கதைகளில் எதெல்லாம் மாற்றியது? மார்க்கெட் வந்தது. அவள் கேட்டது வேறு.

“அம்மா, பனியில படுத்தப்ப கரடிக்குக் குளிருச்சா?”

“கரடிக்கு நிறைய ரோமம் இருக்கும் கண்ணு. குளிராது.”

“அது பரீட்சை பதிலா, வீட்டு பதிலா?”

நான் கடலையை மென்றுகொண்டே இருந்தேன். வீடு வந்துவிட்டது.

பரீட்சையில் எல்லாரும் கரடியைச் சரியாகவே சாகவிட்டார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும், கரடி சாவதற்கு முன் அதற்கு இனிப்புக் கிச்சடி கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அதற்கு மதிப்பெண் குறைப்பதா கூட்டுவதா என்று தெரியாமல், அப்படியே விட்டுவிட்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் வீட்டில் எல்லாவற்றுக்கும் இரண்டு முடிவுகள் இருந்தன. அப்பா சீக்கிரம் வருகிறேன் என்று போனில் சொன்னால், “இது பரீட்சையா, வீடா?” என்பாள். ஊசி வலிக்காது என்று டாக்டர் சொன்னபோது அவரிடமும் கேட்டாள். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். “வீடு” என்று நான்தான் ஒப்புக்கொண்டேன். அவளே கையை நீட்டிவிட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

இந்தக் குளிர்காலத்தில்தான் மறுபடி மாட்டிக்கொண்டேன். எங்கள் பிளாக்கின் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழுப்பு நாய் இருந்தது. யாருடையதும் இல்லை, எல்லாருடையதும்தான். கீழ்வீட்டுக்காரர் பழைய சணல் சாக்கில் அதற்கு ஒரு கோட்டு தைத்துக் கட்டியிருந்தார். என் மகள் தினமும் காலையில் ரொட்டி போட்டுவிட்டுத்தான் ரிக்‌ஷாவில் ஏறுவாள். ஜனவரி மூடுபனியில் ஒருநாள் அது வரவில்லை. பெரிய ரோட்டில் ஏதோ வண்டி அடித்துவிட்டதாகக் காலனி காவலாளி என்னிடம் சொன்னார். அவரே எடுத்துப்போய்ப் புதைத்தாராம். அவளிடம் சொல்லாதீர்கள் அண்ணா என்று கேட்டுக்கொண்டேன்.

“நான் சொல்லட்டுமா?” என்றார் கணவர்.

“வேண்டாம். நீங்க ஒரே வரியில சொல்லி முடிச்சுட்டு டீ கேப்பீங்க.”

“நீ அதையும் மலை மந்திருக்குக் கூட்டிட்டுப் போயிடுவே.”

அவர் கேட்காமலேயே டீ போடப் போனேன்.

நேற்று காலை அவள் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, கையில் இருந்த ரொட்டியோடு ரிக்‌ஷாவில் ஏறினாள். கதை வேண்டாம் என்றாள். சிக்னல் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, இதுக்கு எனக்குப் பரீட்சை முடிவு சொல்லு.”

எட்டு வயது. கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்குத் தைரியம் வேண்டும் என்று பிடித்தாளா, எனக்கு வேண்டும் என்று பிடித்தாளா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. வேகத்தடை வந்துவிட்டது. “ரிவிஷன் முடியட்டும், சொல்றேன்” என்றேன். டீச்சர் மகள் அல்லவா, அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டாள். ரொட்டியைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு இறங்கினாள்.

ரிவிஷன் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒருநேரம் தோன்றுகிறது. தெரிந்தும் என் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறாளோ என்று இன்னொரு நேரம். மாற்றாமல் சொல்லப்போகிறேன், அதுவரைக்கும் முடிவு செய்துவிட்டேன். ரிக்‌ஷாவில் சொல்லப்போவதில்லை என்பதும் உறுதி. ஆனால் எங்கே உட்கார்ந்து சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, நாய்க்குக் குளிர்ந்திருக்குமா என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒன்றை மாற்றாமல் சொன்னவர்கள் இருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். சரியாக வராமல் போனதாக இருந்தாலும் பரவாயில்லை, அதையும் சொல்லுங்கள்.